போதும் என்று சொல்ல ஒரு ஆள்

எங்கள் சபையில் பெண்கள் சங்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடும். ஜெபம் ஆரம்பிக்கும் முன்பு ஒவ்வொருத்தியும் எழுந்து தன் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மாமியாருக்கு மூட்டுவலி என்று வரிசையாக வரும். என் முறை வந்தால் நான் "ஸ்தோத்திரம், விசேஷமாக ஒன்றும் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்குக் காலம் வரும்போது குழாயும் மிஷினும் மாட்டிக்கொண்டு கிடக்காமல் என் வீட்டிலேயே அமைதியாகப் போக வேண்டும், அதற்குச் சரி என்று சொல்ல என் பிள்ளைக்கு மனம் வர வேண்டும், அதற்காக ஜெபியுங்கள் என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சங்கத் தலைவி கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். நான் கேட்டது எதுவும் அந்த ஜெபத்தில் இல்லை. இந்த மகளைப் பிடித்திருக்கும் வியாதியை வேரோடு பிடுங்கிப் போடும் ஆண்டவரே என்றார். எனக்கு அப்படி என்ன வியாதி என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வியாதி ஒன்றும் கிடையாது. எழுபத்து மூன்று வயதில் எல்லாருக்கும் இருக்கும் பிரஷர், கொஞ்சம் சர்க்கரை, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, அவ்வளவுதான். நான் அப்படிக் கேட்டது என் வீட்டுக்காரர் போன விதத்தைப் பார்த்ததால்.

நான் பள்ளிக்கூட டீச்சர், அவர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். ஆஸ்பத்திரியில் மிஷினிலேயே கிடந்து போன ஒரு நண்பரின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தவர், "எனக்கு அந்த மாதிரி மிஷின் எல்லாம் வேணாம். வீட்ல கட்டில்ல கிடக்கறேன், நீ பக்கத்துல இரு, போதும்" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். கேட்டது நான் ஒருத்திதான். பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியபோது, பிள்ளை வந்து சென்னைக்குக் கொண்டுபோனான். அப்பா வேண்டாம் என்று சொன்னாரே என்றேன். அவன், அது சும்மா பேச்சுக்குச் சொன்னது என்றான். நாளைக்கு ஏன் செய்யவில்லை என்று ஊரில் ஒருவர் கேட்டுவிடக் கூடாது என்பது அவன் பயம். வெண்டிலேட்டர் வைத்தார்கள். தூக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். டாக்டர்களையோ நர்சுகளையோ நான் குறை சொல்ல மாட்டேன், பாவம், நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் பார்வையாளர் நேரத்தில் நான் போய் நின்றால், அவர் விரல் மட்டும் என் விரலைத் தேடும். பேச முடியாது. நாள்கள் வாரங்களாகி, ஒரு நாள் காலை நான் வெளி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் இரு என்று சொன்ன மனுஷனுக்கு நான் பக்கத்தில் இல்லை.

அந்த ஹாலில் ஒரு அம்மா இருந்தாள். அவள் மகன் பைக்கில் போய் விழுந்தவன், முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே படுக்கை காலியில்லை, வேறு ஆஸ்பத்திரி பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு வயசு இன்னாம்மா?" என்று கேட்டாள். எழுபத்தெட்டு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முதல் யார் என்னிடம் வயசைக் கேட்டாலும் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

இதைச் சொன்னதும், வயசானவர்களுக்கு வைத்தியம் வேண்டாம் என்கிறாள் டீச்சர் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே ஒரு கிளினிக்கில் முட்டி வலிக்கிறது என்று போனேன். என் பேரன் வயதுள்ள டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, வயசாயிடுச்சு இல்லைங்களா என்றார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் காட்ட வந்தது முட்டியை, வயசை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நாம் கல்யாணப் பந்தியில், இலையை இரண்டு கையால் மறைத்தாலும் விரல் மேலேயே பாயசத்தை ஊற்றுகிற ஜனம். போதும் என்றால் யாருக்கும் காதில் விழாது. அதற்காக, பரிமாறுகிறவர் என் இலைக்கு எதிரே நின்று, உனக்குப் போதும், அடுத்த பந்திக்கு ஆள் காத்திருக்கிறது என்று சொல்லலாமா? போதும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே.

அதற்கு வழி இருக்கிறது என்று, இப்போது வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். லிவிங் வில் என்கிறார்கள். என்னென்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஒன்று மட்டும் முக்கியம். எனக்கு நினைவு தப்பிய பிறகு டாக்டர் முன்னால் நின்று என் சார்பில் பேச, சொந்தத்தில் நம்பிக்கையான ஒருவர் பெயரைப் போட வேண்டும். அந்த ஒரு பெயர்தான் எனக்கு அகப்படவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. போனில் பேச்சை எடுத்தாலே, வேற பேசும்மா என்பான். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். பின் தெருவில் பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் போனால் நிற்கும். அப்போதுதான் என் வீடு எவ்வளவு சும்மா இருக்கிறது என்று தெரியும். ஒண்டியாகச் சாப்பிடுவது, ஒண்டியாகத் தூங்குவது எல்லாம் பழகிவிட்டது. இதைப் பற்றி ஒருவரோடும் பேச முடியவில்லையே என்பதுதான் என்னை அறுத்தது. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை ஆண்டவரிடமே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

அதன் பலன் மறுநாளே தெரிந்தது. சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பட்டுச்சேலை வியாபாரியின் மனைவி வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா டீச்சர், இவ்ளோ நாளா மனசுல வெச்சிகினு இருந்தீங்களா? எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய, பெரிய வியாதியை எவ்வளவு தைரியமாக மறைக்கிறார் என்று என் மேல் மரியாதை கூடிப்போயிற்று. சாவைப் பற்றி ஒருத்தி வாயைத் திறந்தால் அவளுக்குப் புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் பிள்ளையின் கார். யாரோ போன் செய்து, அம்மாவுக்குக் கேன்சர், முற்றிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அதற்குள் சென்னையில் ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டான். கல்யாணமான பிறகு அவன் என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். மருமகள் அவனுக்குப் பின்னால் பையோடு நின்றாள்.

உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டான், உயிர் போய் உயிர் வந்தது என்றான். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து நான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தேன். இந்தத் தடவை போனை வைத்துவிட அவனுக்கு வழி இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னால முடியாதும்மா. எடுத்துடுங்கன்னு என் வாயால சொல்லிட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்? வேற என்ன வேணாலும் கேளு."

சொல்லும்போதே அழுதுவிட்டான். ஐம்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை. சரி, விடுப்பா என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் காருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.

மருமகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பாசம் என்று பெரிதாக ஒட்டவும் இல்லை. வெம்பாக்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், அளந்துதான் பேசுவாள். அவள் அப்பா இறந்ததிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. நிலத் தகராறாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன், கேட்டதில்லை. நான் போய்க் கழுவின தட்டைத் துடைக்க நின்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் பேப்பர்ல என் பேரைப் போட்டுக்கோங்க அத்தை."

யோசித்துச் சொல்லும்மா என்றேன். யோசித்தாகிவிட்டது என்றாள். இத்தனை நாளாக நான் தேடியது இந்த ஒரு வார்த்தையைத்தான். கிடைத்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சுருக்கென்று குத்தியது. பெற்ற பிள்ளை அழுகிறான், எதிர்வீட்டுக்காரி அழுகிறாள். இவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே, என்னை அனுப்பிவைப்பது இவ்வளவு லேசா? மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் என்னுடையது. உனக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறதா என்று கேட்டே விட்டேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நினைவு தப்பிவிட்டது. தொண்டையில் துளை போட்டு வேறு பெரிய இடத்துக்குக் கொண்டுபோகலாம், எழுந்து நடப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். துபாயில் இருந்த அண்ணன், எல்லாவற்றையும் செய்யச் சொல் என்று போனில் கத்தினான். அம்மா வாயே திறக்கவில்லை. தன்னை வீட்டில்தான் போகவிட வேண்டும் என்று அப்பா முன்பே இவளிடம் சொல்லியிருந்தார். இவள்தான் வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிலிலேயே போட்டு, கடைசி மூச்சு வரை வாயை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கத்துக்கு வந்த அண்ணன், பெட்டிக்குப் பக்கத்தில் எல்லார் எதிரிலும், நீதான் அப்பாவைக் கொன்றாய் என்றான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

"நான் செஞ்சது சரியான்னு எனக்கு இன்னும் தெரியலைங்க அத்தை. ஒரு நாள் சரின்னு தோணுது, ஒரு நாள் தோணலை. ஆனா அந்த இடத்துல நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்க பிள்ளை தாங்க மாட்டார். நான் இன்னொரு தடவை நின்னுக்கறேன்."

அவள் ஒரு வீட்டில் வாங்கிய கெட்ட பேரை இன்னொரு வீட்டிலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறாள், அதுவும் எனக்காக. நாளைக்கு என் பிள்ளையே அவள் அண்ணனைப் போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இவ்வளவையும் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்கு வந்து, உப்பு போதுமா அத்தை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தோளைத் தொட்டேன். இப்படி ஒரு நேரம் உனக்கு வந்தால் யார் நிற்பார்கள், உன் மகளா என்று கேட்டேன். என் பேத்தி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட மட்டும் கேக்க மாட்டேங்க அத்தை. இதை யார்கிட்டயும் கேக்கக் கூடாது" என்றாள்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த வாரமே நான் வக்கீலிடம் போனேன். அவள் சொன்னதை எல்லாம் கேட்ட பிறகும், அவள் பெயரைத்தான் போட்டேன்.