சாவி புதிதாக்கிய மண்டபம்

என் தம்பியை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நகராட்சிக்குச் சொந்தமான பழைய மண்டபத்துக்கு அவன்தான் காவலாள். இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் ஆடும். அதனால் சின்னப்பிள்ளைக்குக்கூட அவன் ‘சாவி’தான். வீட்டில் ஒரு தட்டைக் கழுவ மாட்டான். மண்டபத்துப் படியில் ஒரு சருகு கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

“கட்டினவளை விட்டுட்டு கட்டடத்தைக் கட்டிக்கிட்டு அழுவுது” என்பாள் அவன் பெண்டாட்டி.

கல்யாணமோ கூட்டமோ, இல்லாதப்பட்டவர்களுக்கு அந்த மண்டபம்தான் கதி. அதை நகராட்சி விற்கப்போகிறது, வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறார் என்று தெரிந்ததும் ஊர் கொதித்தது. எங்கள் தெருத் தையல்காரி வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் யாரும் அதில் கை வைக்க முடியாதாம். பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது.

“வர்ற அம்மாவுக்கு மண்டபம் பிடிச்சுட்டா போதும் சாவியண்ணே, நாம பிழைச்சோம்” என்றாள் தையல்காரி.

அவ்வளவுதான் சொன்னாள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்காசைப் போட்டான், கொத்தனார் கூட்டாளிகளைக் கூட்டினான், கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

“உள்ளே என்னடா பண்றே?”

“அன்னைக்கு வந்து பாருக்கா. கண்ணு கூசும்.”

கூசத்தான் செய்தது. முட்டை ஓடு மாதிரி வழவழவென்றிருந்த சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிவிட்டுப் பச்சை பெயின்ட். பூவேலை செய்த மரச் சன்னல் இருந்த இடத்தில் அலுமினியம். எத்தனையோ கால் பட்டுத் தேய்ந்த கல் தரை மேல் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். விட்டத்தில் யாரோ ஒரு காலத்தில் வரைந்து வைத்த பூங்கொடியும் கிளியும் இவன் தேய்த்த தேய்ப்பில் காணாமலே போய்விட்டன.

அதிகாரி அம்மா சுவரைத் தொட்டார். விரலில் பச்சை ஒட்டியது.

“இதுல பழசு எதுங்க?”

“பழசா?” என் தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். “ஒண்ணு விடலீங்கம்மா. எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தச் சன்னலெல்லாம்?”

“செல்லரிச்ச கட்டைங்கம்மா. அடுப்புக்குப் போயிடுச்சு.”

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காக்கிறதுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று பதில் வந்தது. நகராட்சி விற்றது. அன்றைக்கு நகராட்சித் தலைவர் எல்லார் முன்னாலும் என் தம்பி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஊரே எங்களோட மல்லுக்கு நின்னுச்சு. நீ ஒருத்தன்தான்யா ஒத்தாசை பண்ணே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்தான் என்றுகூடப் பேசினார்கள். அது பொய். என் தம்பி திருடன் இல்லை, எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஆனால் சொல்லும்போதே என் குரல் உள்ளே போய்விடுகிறது.

இடிக்கும்போது அவன் வீட்டில் முடங்கிக் கிடந்தான். தையல்காரி தேடி வந்தாள்.

“நான் விவரமா சொல்லியிருக்கணும்ணே.”

“இல்லைம்மா. அத்தனை வருஷம் அதையேதான் தொடைச்சேன். எனக்கு அது அழுக்காத்தான் தெரிஞ்சுது.”



இப்போது தையல்காரி தன் மகள் கல்யாணத்துக்குக் கட்டுப்படியாகிற இடம் தேடி அலைகிறாள். இவனும் கூடவே போகிறான், அவள் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் பின்தங்கியே.