காய்ச்சலில் மட்டும் பேசும் பிள்ளை

என் மகனுக்கு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். காதில் சீழ், முழங்கை மடிப்பில் கரப்பான், எதைத் தின்றாலும் வயிற்றுப்போக்கு. கோவில்பட்டி மருந்துக்கடைகளில் அவன் குடிக்காத சிரப் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரை வயதில் ‘அம்மா’ என்று சொன்னவன் இரண்டு வயதில் அதையும் நிறுத்திவிட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், முகத்தைப் பார்க்க மாட்டான். சுவரோரம் உட்கார்ந்து தன் விரல்களையே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். வசம்பை உரசி நாக்கில் தடவு என்றார்கள், தடவினேன். மொட்டை போடு என்றார்கள், போட்டேன். யோசனை சொல்ல மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் வாய் வலிக்காது.

ஐந்து வயதில் ஒரு தடவை காய்ச்சல் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தான். “அம்மா, தண்ணி” என்றான். டம்ளரை எடுத்து அவன் வாயில் வைத்தேன். அன்று முழுவதும் என் மடியை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காய்ச்சல் விட்டது. பேச்சும் போயிற்று.

என் கணவர் விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வரும் வேன் ஓட்டினார். நான் சொன்னதை நம்பவில்லை. “ஏட்டி, உன் ஆசைக்கு அப்படிக் கேட்டிருக்கும்” என்றார். அடுத்த காய்ச்சலில் அவரையும் “அப்பா” என்றான். அந்த மனுஷன் கொல்லைப்புறம் போய் நின்று அழுதார்.

திருநெல்வேலிக்குப் போய்க் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டோம். “ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்ல சிலருக்கு நோய் எதிர்ப்பு சக்தியே வேற மாதிரி வேலை செய்யுதுன்னு சொல்லுதாங்கம்மா. காய்ச்சல்ல கொஞ்சம் தெளியிற பிள்ளைகளும் உண்டு. ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல” என்றார். பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, குரலை மாற்றிக்கொண்டார். “காய்ச்சலோட விளையாடிராதீங்க. கூடிட்டுன்னா ஜன்னி வந்துரும். உடனே மருந்து கொடுத்துரணும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார். “இனி எப்ப வரும் காய்ச்சல்?” ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா இது? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. மத்தியான நேரம், அவரும் வீட்டில் இருந்தார். பிள்ளை என் கன்னத்தைத் தொட்டான். வாசலைக் காட்டி, “கோழி நனையுது” என்றான். அவர் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். “ஏலே, இன்னொரு தடவை சொல்லுலே” என்றார். அவனும் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ஆனால் உடம்பு அனலாக ஏறிக்கொண்டே இருந்தது. கால் லேசாக வெட்டி இழுத்தது. நான் எழுந்து மூடியில் மருந்தை ஊற்றினேன்.

“செத்த நேரம் கழிச்சுக் கொடேன்” என்றார் அவர்.

“பிள்ளைக்கு ஜன்னி வரட்டும்ங்கீங்களா?” என்று கத்தினேன்.

மருந்தைப் பார்த்ததும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டான். “வேண்டாம்மா” என்றான். எந்தப் பிள்ளைதான் மருந்தை வேண்டும் என்று சொல்லும்? இன்றுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாயைப் பிடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வியர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொண்டே அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். முதலில் “ம்” என்றான். அப்புறம் அதுவும் இல்லை. முகத்தைத் திருப்பி என் பக்கம் பிடித்தேன். கண் மட்டும் என் மேல் நிற்காமல் நழுவிப் போயிற்று. உடம்பு ஜில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டாள். “பிள்ளைக்குச் சரியாயிட்டா?”

“ஆயிட்டுக்கா” என்றேன்.