ஏட்டையா சுமந்த பேட்டரி

சென்ற ஆண்டு மாசி மாதப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற முக்கில் போலீஸ் என்னை நிறுத்தியது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சுமாரில் அடி அண்ணாமலை. என் வீடு அங்கேதான். நான் மலை சுற்ற வரவில்லை. வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் பட்டா விஷயமாக ஒரு வேலையை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தே என் உத்தியோகம் முடிந்தது. முட்டியும் அதோடு முடிந்தது. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து வெறுத்துப்போய், பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். பெடல் உண்டு, மிதிக்க முடியாதபோது கைப்பிடியைத் திருகினால் மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். 250 வாட்ஸ், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. அந்த அளவுக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். "இதுக்கெல்லாம் நம்பர் கெடையாது சார், போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஓசூரில் இருக்கும் என் மகனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "எழுவத்தி மூணு வயசுல எங்கனா விழுந்து வெச்சா யாருப்பா பாக்கறது? ஒரே ஒரு பிரச்னைன்னு காதுல விழட்டும், வந்து வித்துடுவேன்" என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன். வண்டி போய்விட்டால் காய் வாங்கவும் மாத்திரை வாங்கவும் யாராவது அழைத்துப்போக மாட்டார்களா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று தடுப்பு வரைக்கும் பெடலைத் தொடாமல், கைப்பிடியைத் திருகியே வந்துவிட்டேன். பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஏட்டையா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஆள். கொஞ்சம் தொந்தி.

"மோட்டார் வண்டி உள்ள உடறதில்ல. திருப்பு."

"இது சைக்கிளுங்க. என் வூடு உள்ளதான் இருக்குது."

"சைக்கிளா? மிதிக்காமலே வந்தியே பெருசு, சாமி தள்ளிச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏட்டையாவுக்கு உற்சாகமாகிவிட்டது. "சரி, ஆர்.சி. எங்க? நம்பர் பிளேட் எங்க?"

"இதுக்கு அதெல்லாம் கெடையாதுங்க."

"நம்பர் இல்லாத வண்டிய ஓட்டிகினு வந்து என்கிட்டயே வாய் பேசறியா? வண்டி ஸ்டேஷனுக்குப் போவட்டும். உன் பையன வரச்சொல்லு, வந்து எடுத்துக்கட்டும்."

பையன் வந்தால் வண்டியை விற்றுவிட்டுத்தான் போவான். எனக்குக் கோபம் வந்தது. சைக்கிள் என்றால் வழி விட வேண்டும். மோட்டார் வண்டி என்றால் நம்பர் கொடுக்க வேண்டும். இரண்டும் கிடையாது, தண்டனை மட்டும் இரண்டுக்கும் சேர்த்து உண்டு என்றால் எந்த ஊர் நியாயம்? ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சும்மா நிற்கும்போது எதையாவது எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. கண்ணாடியில் பாஸ் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிற கார்களை எண்ண ஆரம்பித்தேன்.

சிறிது நேரத்தில் பெண் எஸ்.ஐ. ஒருவர் வந்தார். "என்ன சார் பிரச்னை?"

"பிரச்னை ஒன்னும் இல்லைங்க மேடம். நான் நின்ன நேரத்துல ஒன்பது கார் உள்ள போச்சு. அதுல ஒருத்தர்கூட பெடல் மிதிச்சு நான் பாக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அது மேல குடுத்த பாஸ் சார், என் கையில இல்ல. ஆனா உள்ள கொழந்த குட்டியோட ஜனங்க நடக்கறாங்க. மோட்டார்ல வந்து யார் மேலயாவது ஏத்திட்டீங்கன்னா?"

அது நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. சாவியைப் போட்டு பேட்டரியைக் கழற்றி ஏட்டையா கையில் கொடுத்தேன்.

"இப்ப இது என்னங்க மேடம்?"

சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சைக்கிள்தான்."

"உள்ள போனதும் மாட்டிக்குவாரு மேடம்" என்றார் ஏட்டையா.

"அப்ப நீங்களே எடுத்துகினு கூடப் போங்க. வூட்ல குடுத்துட்டு வாங்க."

ஏட்டையா பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த வண்டி லேசாகிவிடாது. பின்னால் நெல் மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதிப்பது மாதிரி இருக்கும். கூட்டத்தில் நடக்கிற வேகம்தான். அந்தப் பாதையில் எப்போதும் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு போவேன். அன்று ஏட்டையாவின் புலம்பலில் இரண்டு முறை கணக்கு விட்டுப்போனது. முதல் நாள் சாயந்திரத்திலிருந்து நிற்கிறாராம். பூட்ஸ் கடிக்கிறதாம். பேட்டரியைத் தோளுக்கும் இடுப்புக்குமாக மாற்றிக்கொண்டே வந்தவர், வழியிலிருக்கும் நிருதி லிங்கக் கோயிலைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"சார்," என்றார். பெருசு போய் சார் வந்திருந்தது. "யாரும் பாக்கல. மாட்டிக்கினு போய்டுங்க சார். நான் அப்படியே திரும்பிக்கறேன்."

என் முட்டிக்குள் ஆணி இறக்குவது போல் வலி. ஆனால் மாட்டினால் அவர் மேடத்திடம் சொன்னது உண்மையாகிவிடுமே.

"சைக்கிள்னு சொல்லி உள்ள வந்தேன். வூடு வரைக்கும் சைக்கிள்தான். வேணும்னா உக்காந்து வாங்க, நான் நிக்கறேன்."

"நல்ல ஆளுகிட்ட மாட்டினேன்" என்று நடைபாதையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "இதயாவது உங்க வண்டில மாட்டலாமா? அதுக்கும் எதுனா ரூல் இருக்குதா?"

"சைக்கிள்ல எத வேணா மாட்டலாம்."

அப்படியாக அவர் பூட்ஸ் என் ஹேண்டில்பாரில் தொங்க, என் பேட்டரி அவர் தோளில் இருக்க, இருவரும் வீடு வந்து சேர்ந்தோம். கடைசி ஏற்றத்தில் கேரியரைப் பிடித்துத் தள்ளவும் செய்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "வெறுங்கால்ல நடந்ததுக்குப் புண்ணியம் பாதி எனக்கு சார்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

சாயந்திரம் மகன் போன் செய்தான். மறைக்க எனக்கு மனமில்லை.

"இன்னிக்கு போலீஸ் நிறுத்தினாங்க. வண்டி வூட்ல நிக்குது. நானும் நிக்கறேன்."

"அப்ப விக்கணும்ல?" என்றான்.

"வந்து வித்துப் பாரு. சாவி என்கிட்ட இருக்குது."

இதுவரை வரவில்லை. பௌர்ணமி அன்று வெளியே வேலை இருந்தால் இப்போதும் போகிறேன். தடுப்புக்குச் சற்று முன்னாலேயே இறங்கி, யாரும் கேட்பதற்குள் பேட்டரியைக் கழற்றி, அங்கே நிற்கிறவரிடம் நீட்டுகிறேன். நான்கு பேரிடம் நீட்டியாயிற்று. யாரும் சுமந்து வர ஒப்பவில்லை. "போங்க சார்" என்று வழி விட்டார்கள். சட்டத்துக்குக் கட்டுப்படுவது வேறு, தடுப்பைக் கண்டதும் திரும்பிப்போவது வேறு என்பதை, படி ஏறும்போதெல்லாம் என் முட்டி இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.