பிரேக்குக்கு முன்னால் ஒரு பார்வை

மூன்றாவது முறை சோதனை நாற்காலியில் உட்காருவதற்கு முன், சின்னண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்தைய இரண்டு முறையும் அவர் கழற்றவில்லை.

"செருப்பு இருக்கட்டுமுங்ணா. வண்டியில எப்பிடி ஓட்டுவீங்களோ அப்பிடியே உக்காருங்க," என்றாள் வசந்தாமணி.

"வண்டியில வெறுங்காலுதானுங்க மேடம்."

"அப்பறம் போன ரெண்டு தடவையும் செருப்போட உக்காந்தீங்க?"

"ஆபீசுக்கு வந்துபோட்டு வெறுங்காலோட நிக்கறது மருவாதியில்லீங்களே."

ஒரே சோதனை, ஒரே ஆள், ஆனால் கால் ஒன்றாக இல்லை. வசந்தாமணி அந்த விவரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அதைக் குறிக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. அவளுக்குத்தான் குறிக்காமல் இருக்க முடியவில்லை.

நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய சோதனை மையம். ஓட்டுநர்களின் கவனத்தையும் கை கால் வேகத்தையும் அளந்து கம்பெனிகளுக்கு அறிக்கை கொடுப்பது அவள் தொழில். ஒரு கேஸ் டேங்கர் கம்பெனி தன் ஓட்டுநர்கள் முப்பத்தெட்டுப் பேரை அனுப்பியிருந்தது. திரையில் சாலை ஓடும். திடீரென்று சிவப்பு விளக்கு எரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை அமுக்க வேண்டும். இருபது விளக்குகளுக்கும் ஆகும் நேரத்தின் சராசரியை, நொடியை நூறாகப் பிரித்து, இயந்திரம் சொல்லும். எழுபத்தைந்துக்குள் வந்தால் தேர்ச்சி. மூன்று முறை தவறினால் டேங்கரிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஒரு கம்பெனி இறக்கிவிட்ட ஓட்டுநரை அடுத்த டேங்கர் கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது.

சின்னண்ணனுக்கு முதல் முறை எண்பத்தொன்று, இரண்டாம் முறை எழுபத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர், நாற்பத்தாறு வயது. இன்று பதினோரு மணிக்குக் கடைசி முறை. இரண்டு மணிக்கு அவர் லோடு எடுக்கக் கிளம்ப வேண்டும், அல்லது சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசு, கதவு இடுக்கு வழியே எட்டிப் பார்த்தான். அவன் மார்க் ஐம்பத்தெட்டு. முப்பத்தெட்டுப் பேரில் அவன்தான் முதல். அறிக்கையை வாங்கிப் போக வந்தவன்.

"ஏனுங்ணா, சோறு கட்டிட்டு வந்தீங்ளா? நீங்க அமுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிருமாட்டம் இருக்குதே!"

"போடா, உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தது நானு," என்றார் சின்னண்ணன். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வசந்தாமணி கதவைச் சாத்தினாள். குறிப்புத் தாளைக் கையில் எடுத்தாள். எல்லோருக்கும் அதே வாக்கியங்களை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். அவள் வாசித்தாள். "சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பிரேக்கை அழுத்துங்கள்." முதல் ஐந்து விளக்குகள் பழக்கத்துக்கு, கணக்கில் சேராது.

வழக்கமாக அவள் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். இன்று அங்கே ஃபேன் காற்றில் தாள் பறந்ததால் முன்பக்கம் ஜன்னலோரம் வந்து நின்றாள். அதனால்தான் அவர் முகம் தெரிந்தது. விளக்கு எரிந்தது. சின்னண்ணனின் கண் விசுக்கென்று வலப்பக்கம் போய்த் திரும்பியது. அதற்கப்புறம்தான் பிரேக். அடுத்த விளக்கு, அதே. ஐந்து தடவையும் அதே. அந்தப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது.

"அண்ணா, அங்க எதப் பாக்கறீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "எங்கீங்க?"

"லைட்டு எரிஞ்ச ஒடனே வலக்கைப் பக்கம் பாக்கறீங்களே."

"அடடா." அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "கண்ணாடி பாக்கறனாட்டம் இருக்குதுங்க. பின்னால எவன் ஒட்டிட்டு வாரான்னு பாக்காம எப்பிடீங்க அமுக்கறது? உள்ள இருக்கறது கேஸு. காலை எடுத்தாலே வண்டி பாதி அடங்கிப்போகும். மீதிக்கு, கண்ணாடியப் பாத்துட்டு அமுக்கறதுதானுங்க."

'கண்ணாடி பாக்க வேண்டாமுங்ணா, நேரா அமுக்குங்க' என்று வசந்தாமணி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் எழுபதுக்குள் வந்துவிடுவார். கதவு சாத்தியிருக்கிறது. யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த வாக்கியம் தாளில் இல்லை. மற்ற முப்பத்தேழு பேருக்கும் அவள் அதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு மட்டும் சொன்னால் அவர் மார்க்கை வேறு எவர் மார்க்கோடும் வைத்துப் பார்க்க முடியாது. அதைவிட மோசம், கண்ணாடி பார்க்காமல் பிரேக் போடும்படி ஒரு கேஸ் டேங்கர் ஓட்டுநரைப் பழக்கி, அதற்குத் தேர்ச்சி என்று அவளே கையெழுத்தும் போட வேண்டும்.

"ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார் அவர்.

"ம்," என்றாள்.

அந்த இருபது விளக்குகளும் எரிந்து முடிய ஆன ஆறு நிமிடத்தில் அவள் தாளைக் கசக்கிக் கசக்கி ஈரமாக்கிவிட்டாள். இயந்திரம் எண்ணைக் காட்டியது. எழுபத்தெட்டு.

சின்னண்ணன் குனிந்து செருப்பைத் தேடினார். பக்கத்திலேயே இருந்த செருப்பு அவர் கண்ணில் படவில்லை.

"சித்த உக்காருங்ணா," என்று சொல்லிவிட்டு வசந்தாமணி கணினியைத் திறந்தாள்.

அவள் ராசிபுரத்துப் பக்கம் பிறந்தவள். அப்பா லாரி எடை மேடையில் ஆபரேட்டர். பள்ளி விட்டதும் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு கோடையில் அந்த மேடை எந்த வண்டிக்கும் இருநூறு கிலோ கூட்டியே காட்டியது. பத்து முறை ஏற்றினாலும் அதே இருநூறு. ஓட்டுநர்கள் சண்டைக்கு வந்தபோது முதலாளி, "மேடை மாறாம ஒரே மாதிரி காட்டுதல்ல? அப்பறம் என்ன தப்பு?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் உளவியல் படிக்கப் போன பிறகுதான் அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்தது. ஒரே மாதிரி காட்டுவது வேறு, உள்ளதைக் காட்டுவது வேறு. பிறகு சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறன் சோதனை வைத்தாள். எழுபது எடுத்த பிள்ளையையும் அறுபத்தொன்பது எடுத்த பிள்ளையையும் வேறு வேறு வகுப்பில் போடச் சொன்னார்கள். ஒரு மார்க் வித்தியாசத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிச் சொல்லி மூன்று பள்ளிகளிலிருந்து விலகினாள். நாற்பத்தொரு வயதில் இந்த மையம்தான் மிச்சம். இந்தக் கம்பெனிதான் இதன் பெரிய வாடிக்கை.

அவளும் தவறு செய்திருந்தாள். இயந்திரத்தோடு வந்த அட்டவணையில்தான் எழுபத்தைந்து என்ற கோடு இருந்தது. அதை யாரை வைத்துப் போட்டார்கள் என்று அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள், இருபதிலிருந்து முப்பது வயது. இதைப் படித்துவிட்டுத்தான் முப்பத்தெட்டு லாரிக்காரர்களை அவள் உட்கார வைத்திருந்தாள்.

இயந்திரம் கடைசிச் சராசரியை மட்டும்தான் திரையில் காட்டும். உள்ளே கோப்பில், ஆக்சிலரேட்டரை விட்ட நேரம் தனியாக இருந்தது. சின்னண்ணனுக்கு முப்பத்தொன்று. ராசுவுக்கும் முப்பத்தொன்று. விளக்கைக் கண்டதும் இரண்டு பேர் காலும் ஒரே வேகத்தில்தான் எழுந்திருக்கிறது. அதற்கும் பிரேக்குக்கும் நடுவில்தான் சின்னண்ணன் கண்ணாடி பார்த்திருக்கிறார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கம்பெனி மேலாளர் நந்தகுமார் வந்தார். கக்கத்தில் விபத்து நோட்டு. அவள் போன வாரமே கேட்டிருந்தது.

"என்னங்க மேடம், எத்தனை?"

"எழுபத்தெட்டு."

நந்தகுமார் சின்னண்ணனைப் பார்க்காமலே சொன்னார். "மூணுதான் கூட. விட்டிரலாமுன்னு எனக்கும் ஆசைதானுங்க. முதலாளி மார்க்குன்னா மார்க்குதான்ம்பாரு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எல்லாருதும் சேத்து."

"சார், ஒரே ஆளு ரெண்டு தடவ உக்காந்தா அஞ்சு முன்னப்பின்ன வரும். முப்பது பேர ரெண்டு தடவ உக்கார வெச்சுப் பாத்துட்டேன். எழுபத்தெட்டும் எழுபத்தஞ்சும் இந்த மெசினுக்கு ஒண்ணுதான்."

"மூணு தடவையும் மேலதானுங்களே வந்திருக்குது?"

நியாயமான கேள்வி. அவள் தலையாட்டினாள். "ஆமாங்க. அது தற்செயல் இல்ல. அவரு உண்மையாவே லேட்டாத்தான் அமுக்கறாரு. எதுக்கு லேட்டுங்கறதுதான் விசயம். அந்த நோட்டக் குடுங்க."

நோட்டில் கம்பெனி ஓட்டுநரின் தவறு என்றால் சிவப்பு மையில் இருந்தது. மற்றவன் தவறு என்றால் நீலம். நீலத்தை யாரும் எண்ணுவதில்லை. பின்னால் வந்த வண்டி இடித்தது எல்லாம் நீலம்.

அவள் விரல் வைத்து எண்ணினாள். சோதனையில் வேகமாக அமுக்கிய பத்துப் பேரில், மூன்று வருடத்தில் ஆறு பேர் வண்டியின் பின்பக்கம் இடி வாங்கியிருந்தது. ராசு வண்டி இரண்டு முறை. மெதுவாக அமுக்கிய பத்துப் பேரில் ஒருவர் மட்டும். அது சின்னண்ணன் இல்லை.

நந்தகுமார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் தானும் எண்ணினார். "அப்ப மெதுவா அமுக்கறவன் தான் நல்ல டிரைவர்ங்கறீங்களா?"

"அப்பிடியும் சொல்ல முடியாதுங்க. இருபது பேர வெச்சு சத்தியம் பண்ண முடியாது. வேகமா அமுக்கறவங்க நெரிசல் ரூட்டுல ஓட்டறவங்களா இருக்கலாம். எனக்குத் தெரியறது ஒண்ணுதான். இந்த மார்க்கு கம்பெனிக்கு வேணுங்கறத அளக்கல."

"செரி, அப்ப இவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்குப் போட்டுக் குடுங்க."

சின்னண்ணன் நிமிர்ந்தார்.

அதுவும் ஒரே ஒரு வாக்கியம்தான். எல்லோருக்கும் நல்லது. வசந்தாமணி அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க ஜன்னலைப் பார்த்தாள்.

"முடியாதுங்க சார். இவருக்குச் செல்லாதுன்னா முப்பத்தெட்டுப் பேருக்கும் செல்லாது. எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியிலிருந்து ராசு பாய்ந்து வந்தான். "அதெப்பிடிங்க மேடம்? என்ற அம்பத்தெட்டு என்னாகறது? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறன்!"

"நீ சும்மாயிருடா," என்றார் நந்தகுமார். அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "சேலத்துல இதே மெசின வெச்சுட்டு இன்னொருத்தர் இருக்கறாருங்க. ஒரே நாள்ல போட்டுக் குடுத்திருவாரு. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள். 'இந்தச் சோதனையின் மதிப்பெண்களைக் கொண்டு எந்த ஓட்டுநரையும் வைத்துக்கொள்ளவோ நீக்கவோ கூடாது. காரணங்கள் கீழே.' கீழே, அட்டவணை யாருக்குப் போட்டது, கண்ணாடி, நீல மை என்று அரைப் பக்கம். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

நந்தகுமார் தாளைப் படித்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கி நின்று முதலாளியோடு போனில் பேசினார். கேட்கவில்லை. "நீல மைங்க... ஆமாங்க, நீலம்" என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. மணி ஒன்றே கால். சின்னண்ணன் செருப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நந்தகுமார் திரும்பி வந்தார். "பதினஞ்சு நாளு. கண்ணாடி வெச்சு, நம்ம டிரைவருங்களையே வெச்சு, புதுசா ஒரு அளவு போட்டுக் காட்டுங்க. அது நோட்டோட ஒத்து வல்லீன்னா சேலத்துக்காரர்தான். அதுவரைக்கும் பழைய ஆளுங்களே ஓட்டட்டுமாம்." சாவியைச் சின்னண்ணனிடம் நீட்டினார். "ரெண்டு மணிக்கு லோடு."

சின்னண்ணன் சாவியை வாங்கினார். "அப்ப நான் பாசுங்களா, பெயிலுங்களா மேடம்?"

"ரெண்டுமில்லீங்ணா. பதினஞ்சு நாள் கழிச்சு மறுக்கா உக்காருவீங்க. அப்பவும் மேல வந்துச்சுன்னா, நானே கையெழுத்துப் போட்டு எறக்கி விட்டிருவேன்."

அவர் எழுந்தார். "அது சரிங்க," என்றார். "போயிட்டு வாரனுங்க." செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ராசு மட்டும் நகரவில்லை. நோட்டில் தன் பெயருக்கு நேரே இருந்த இரண்டு நீல வரிகளை மறுபடியும் படித்தான்.

"அவனுங்கதான மேடம் வந்து இடிச்சாங்க? என்ற தப்புங்கறீங்களா?"

"தெரியல சாமி. அதத்தான் பாக்கோணும்."

அவன் வேறெதுவும் கேட்காமல் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான். "கண்ணாடிய இந்த உயரத்துல வெக்கோணுங்க," என்று கையால் காட்டினான். "கீழ டயர் கடையில பழசு ஒண்ணு கெடக்குது."

வசந்தாமணி பென்சிலை எடுத்து, அவன் கை இருந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு கிழித்தாள். பிறகு அதற்கு இரண்டு விரல் கீழே இன்னொன்று. எந்த உயரம் சரி என்று முப்பத்தெட்டுப் பேரையும் கேட்க வேண்டும்.