ஜமீலா தூங்காத மதியங்கள்

1. பாய் விரித்ததும்

ஜெகதாப்பட்டினம் பால்வாடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலைப்பொழுது ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பாட்டு, மணல் விளையாட்டு, பால் பவுடர் கரைத்துக் கொடுத்தது எல்லாம் டிரெயினிங்கில் சொன்னபடியே நடந்தன. சாப்பாடு முடிந்து ரெஸ்ட் டைமுக்குப் பாய் விரித்ததும்தான் அந்த அலறல் கிளம்பியது.

ஜமீலாவுக்கு நாலு வயது. படுக்க வைத்தால் உடம்பை வில்லாக வளைத்தாள். உதைத்தாள். தூக்கப்போன என் மணிக்கட்டைக் கடித்தாள். கண் செருகிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து அவளோடு சேர்ந்து அழுதன.

"இது தெனமும் உள்ளதுதான் டீச்சரம்மா. பூச்சாண்டியக் கூப்பிடுவோம்" என்றார் ஆயா செல்லம்மாக்கா.

கூப்பிட்டோம். அலறல் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

தாலாட்டினேன். மடியில் போட்டுத் தட்டினேன். அதட்டியும் பார்த்தேன். எதற்கும் அவள் மசியவில்லை. தூக்கம் அவள் கண்ணில் வந்து நிற்கும்; இமை தாழும்; உடனே யாரோ கிள்ளியதுபோல் திடுக்கிட்டு விழித்து மறுபடி கத்துவாள்.

பிளாக் ஆபீசிலிருந்து சூப்பர்வைசரம்மா விசிட் வந்த அன்றும் இதே கூத்துதான். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் கறாராகப் பேசுவார்.

"ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைங்க தூக்கத்தக் கெடுக்கலாமா? நான் அடுத்த தடவ வாரப்பவும் இப்படித்தான் இருந்துச்சுன்னா, ரெஜிஸ்டர்லருந்து அவ பேரை அடிச்சிருங்க டீச்சர்."

ஜமீலாவின் அம்மா பாத்திமாவிடம் சாயங்காலம் இதைச் சொன்னேன். அவர் வீடுகளுக்கு மாவு இடித்துக் கொடுப்பவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவள வீட்டுல வச்சுக்கிட்டு ஒலக்கையப் புடிக்க முடியாது டீச்சர். ஒரலுக்குள்ள கைய விட்டுருவா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

2. செருப்பு

எங்கள் பால்வாடி நடந்த ஓட்டுக் கட்டடம் முன்பு கருவாடு சேர்த்து வைக்கும் கிட்டங்கியாக இருந்தது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும், வெயில் ஏறினால் சுவர் பழைய வாசத்தை மெல்ல விடும். உச்சிப்பொழுதில் ஓட்டு இடுக்குகள் வழியாக இறங்கும் வெளிச்சம் பிள்ளைகளின் முதுகில் சில்லறைக் காசுபோலக் கிடக்கும். கடல் தூரத்தில் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருக்கும். பொன்னமராவதியில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் புதிது. கேட்கக் கேட்க, உட்கார்ந்திருக்கும் இடமே மிதப்பதுபோல இருக்கும்.

அப்படி ஒரு மதியம், நானே களைத்துப்போய், ஜமீலாவோடு மல்லுக்கட்டாமல் அவள் பாயருகே சும்மா உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். எழுந்துபோய், வாசலில் கிடந்த என் செருப்புகளை எடுத்து வந்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள்.

"இப்ப நீ போவ முடியாது" என்றாள்.

"நான் எங்கம்மா போறேன்?"

"அத்தா போச்சே. நான் தூங்கினேன், போச்சு. எந்திரிச்சுப் பாத்தா செருப்பு இல்ல."

அன்று சாயங்காலம் பாத்திமாவிடம் கேட்டேன். ஜமீலாவின் அத்தா காசிம் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். லீவில் வந்தவர் திரும்பிப் போனதிலிருந்துதான் பிள்ளை இப்படி ஆகியிருந்தாள்.

"முழிச்சிருந்தா விடமாட்டாளே டீச்சர். அதான் அவ மதியம் தூங்குறப்பக் கெளம்பிட்டாக."

மறுநாள் முதல் பாய் விரிக்குமுன் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவேன். "டீச்சர் இங்கதான் ஒக்காந்து எழுதிக்கிட்டு இருப்பேன். நீங்க எந்திரிக்கிறப்பவும் இங்கதான் இருப்பேன்." கொல்லைப்பக்கம் போவதென்றாலும் ஜமீலாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். சொன்னபடி திரும்பி வருவேன். கத்தல் முனகலாயிற்று. முனகல் ஒரு நாள் மூச்சாக மாறியது.

அடுத்த விசிட்டில் சூப்பர்வைசரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அத்தனை அமைதி. விரலால் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"அது என்ன டீச்சர், செருப்பக் கட்டிக்கிட்டாத் தூங்குறா?"

"ஆமாங்க."

"கழுவியாவது குடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பேரை அடிப்பது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

3. அறந்தாங்கி பஸ்

அடுத்த வருஷம் காசிம் லீவில் வந்தார். தினமும் ஜமீலாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து விடுவார். செருப்பின் நினைப்பே அவளுக்கு இல்லை. சிரித்துக்கொண்டே படுப்பாள், படுத்ததும் தூங்குவாள்.

லீவு முடிந்த அன்று காலை, ஜமீலா வருமுன்பே பாத்திமா தனியாக வந்தார்.

"இன்னிக்கு மதியம் அவுக கெளம்புறாக. பிள்ளைய மட்டும் நல்லாத் தூங்க வச்சிருங்க டீச்சர்."

அதற்கு உடந்தையாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று நான் பாயருகே உட்கார்ந்து ஜமீலாவின் முதுகைத் தட்டவில்லை. ஆனாலும் அவள் என்னை நம்பித் தானாகவே தூங்கிவிட்டாள்.

காசிம் வந்து வாசலில் நின்றார். புதுச்சட்டை, கையில் தகரப்பெட்டி. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"அழுவா டீச்சர்."

"அழட்டுங்க. சொல்லாமப் போனா, எந்திரிச்சதும் என்கிட்டத்தான் கேப்பா. நான் என்ன சொல்ல?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். குரல் உடைந்தது.

"அவ அழுவுறதப் பாத்துட்டு என்னால பஸ் ஏற முடியாது."

போன தடவை அவர் ஓசைப்படாமல் போனது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிட்டேன். அவர் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, பாயருகே மண்டியிட்டு, மகளின் தலையைத் தடவினார்.

"ஜமீலா, அத்தா கொழும்புக்குப் போறேன்மா."

அவள் அழுத அழுகையை நான் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. அவள் பிடித்து இழுத்ததில் அவர் சட்டைப்பை கிழிந்தது. செல்லம்மாக்கா மற்ற பிள்ளைகளை வெளியே வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார். முக்கில் அறந்தாங்கி பஸ் ஹாரன் அடித்தது. அவர் அவளை முத்தமிட்டு என் கையில் கொடுத்துவிட்டு, கிழிந்த பையோடு, அழுதுகொண்டே போனார். பஸ் திரும்பி மறையும்வரை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கை அசைந்துகொண்டே போயிற்று.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் பாய் விரித்ததும் அழுதாள். பழைய கத்தல் இல்லை. யாரைத் தேடி அழுகிறோம் என்று தெரிந்த அழுகை. நான் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

இன்று இந்த வேலைக்கு வரும் டீச்சர்கள், பிள்ளையைத் தூங்க வைக்க என்ன வழி என்று என்னிடம் கேட்கிறார்கள். தூங்கி எழும்போது உலகம் அப்படியே இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாம் போகத்தான் வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவோம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

காசிம் கிளம்பிப்போன அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம். எல்லோரும் தூங்கியாயிற்று. ஜமீலா மட்டும் மல்லாந்து படுத்து ஓட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கொழும்புலயும் இப்ப மதியமா?"

"ஆமாம்மா. அங்கிட்டும் இதே வெயில்தான்."

கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப அத்தாவும் தூங்கட்டும்" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.