‘பொகை’ என்றொரு பட்டப்பெயர்

மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உரக்கடை வைத்திருக்கும் அருஞ்சுனைக்கு, உரத்தைவிட நகைச்சுவைப் புத்தகங்களைப் பற்றித்தான் அதிகம் தெரியும். கடையின் பின்னறையில், மூட்டைகளுக்கு மேலே பலகை அடித்து அவற்றை அடுக்கியிருந்தார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் விற்ற மாமியார் மருமகள் ஜோக்குப் புத்தகங்கள், மதுரைப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய கெட்டி அட்டை நாவல்கள், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கள், கார்ட்டூன் தொகுப்புகள், சிலேடைப் பாட்டுகள். அத்தனையிலும் பூச்சிமருந்து வாடை ஏறியிருந்தது.

படிப்பதோடு நிற்காமல் எழுதவும் செய்தார். கல்லூரி முடித்து அப்பாவின் கடையில் உட்கார்ந்த காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய துணுக்கு வந்தது. கீழே ‘மல்லாங்கிணறு அருஞ்சுனை’ என்று ஊர்ப் பெயரோடு அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் தொடாத வகை இல்லை. கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளையை ஓட்டும் வாழ்த்து மடல், பட்டிமன்றத்துக்குப் பேச்சு, ஓய்வு பெறும் வாத்தியாருக்கு வினாத்தாள் மாதிரியே ஒரு பாராட்டுரை, ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் பொய்ச் செய்தி. எல்லாம் எழுதினார். கடைக்கு வருகிறவர்களிடம் விளக்கமும் சொல்லுவார்.

“கிண்டல் வேற, நையாண்டி வேற. கிண்டல் பண்ணா எதிர்ல நிக்கிறவனும் சேந்து சிரிப்பான். நையாண்டியில அவனத் தவிர மத்தவுக எல்லாரும் சிரிப்பாக.”

“யூரியா வந்திருச்சா அண்ணாச்சி?” என்று கேட்பார்கள் வந்தவர்கள்.

அவர் எழுதுவதை உண்மையிலேயே ரசித்துக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் பூமிநாதன். கிழக்கே ஒட்டங்கரையில் கரிசல் காடு வைத்திருந்தவர். மக்காச்சோளம், உளுந்து, மழை நன்றாக இருந்தால் கொத்தமல்லி போடுவார். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கடைசியில் “அம்புட்டுத்தான்” என்று முடிப்பார். அருஞ்சுனைக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. தான் நாள் கணக்கில் யோசித்து எழுதுவது அவருக்குப் பேச்சில் தானாக வருகிறதே என்று.

மழை ஏமாற்றிய ஓர் ஐப்பசியில் பூமிநாதன் கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்த வருடத்தில் அவர் போட்ட நாலாவது போர்க் கிணறும் தண்ணீர் இல்லாமல் பொய்த்திருந்தது. அருஞ்சுனையின் மனைவி செல்வலட்சுமி அப்போதுதான் சாப்பாடு கொண்டுவந்து வைத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு பூமிநாதன் சொன்னார்.

“பூமிக்குள்ள நீரோட்டம் பாக்க ஆளு வந்தாருல்ல. தேங்காயக் கையில வச்சிக்கிட்டுக் காட்டச் சுத்தி நடந்தாரு. ஒரு எடத்துல தேங்கா எந்திரிச்சு நின்னுருச்சு. போரு போட்டு முடிச்சதும் நான்தான் உக்காந்துட்டேன்.”

செல்வலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போர் வண்டிக்காரன் கொழாய எறக்கிக்கிட்டே போறான். தண்ணியக் காணோம், பாறைத் தூசிதான் வெள்ளையாப் பொகை மாதிரி வருது. எம்பொண்டாட்டி பிச்சையம்மா கேக்குறா, என்னங்க பொகையா வருதுன்னு. கீழ யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காக போல, சோறு வெந்ததும் தண்ணி தருவாக, சித்த பொறுன்னேன். அம்புட்டுத்தான்.”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பூமிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர் மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் நெருங்கியபோது ஒட்டங்கரை இளைஞர்கள் அருஞ்சுனையிடம் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் விஜயபாண்டி.

“போன வருசம் பட்டிமன்றம் வச்சோம் அண்ணாச்சி. பாதிப்பேரு தூங்கிட்டாக. இந்த வருசம் நாடகம் போடலாம்னு இருக்கோம். நம்ம ஊருச் சங்கதியா சிரிக்கச் சிரிக்க ஒண்ணு எழுதிக் குடுங்க.”

நாடகம் எழுத வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. எழுத உட்கார்ந்ததும் தேங்காய்தான் முதலில் வந்தது. பிறகு புகை. பிறகு அடுப்பு. பூமிநாதனின் வார்த்தைகளை மாற்றிப் பார்த்தார். மாற்றினால் சிரிப்பு குறைந்தது. அப்படியே விட்டார். நாடகத்தில் விவசாயியின் பெயரை மட்டும் சாமிக்கண்ணு என்று வைத்தார். பூமிநாதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாடகத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார் என்றே நினைத்தார்.

பொங்கல் அன்று விளக்கு வைத்த கையோடு நாடகம் தொடங்கியது. மாரியம்மன் கோயில் பொட்டலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அருஞ்சுனைக்கும் செல்வலட்சுமிக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாமிக்கண்ணு வேஷம் கட்டியவன் விஜயபாண்டி. அவன் மேடை ஏறியதுமே கூட்டம் சலசலத்தது. பூமிநாதன் கட்டுகிற மாதிரியே பச்சைத் துண்டில் தலைப்பாகை. அவர் நடப்பது போலவே ஒரு காலைச் சாய்த்து நடந்தான். வசனத்தில் ஒரே இடத்தில் இருந்த “அம்புட்டுத்தான்” ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் வந்தது. இப்படியெல்லாம் செய்யும்படி அருஞ்சுனை எழுதவில்லை. ஆனாலும் கூட்டம் சிரித்தபோது அவருக்கும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன் எழுத்துக்குச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

புகைக் காட்சிக்கு மேடைக்குக் கீழிருந்து கோலமாவை ஊதிவிட்டார்கள். விஜயபாண்டி முகமெல்லாம் வெள்ளையாகிக் கண்ணைச் சிமிட்டியபடி அடுப்பு வசனத்தைச் சொன்னான். பொட்டலே அதிர்ந்தது. அருஞ்சுனை திரும்பிப் பார்த்தார். நாலைந்து வரிசைக்குப் பின்னால் பூமிநாதன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பூமிநாதனும் பல் தெரியச் சிரித்தார். அவர் சிரித்து அருஞ்சுனை பார்த்தது அன்றைக்குத்தான்.

வீடு திரும்பும்போது அருஞ்சுனை செல்வலட்சுமியிடம் நாடகப் பேச்சை எடுத்தார்.

“நல்லா இல்லையா?” என்று கேட்டார்.

“கடையில அவுக சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இன்னைக்கு வரல.”

“அவுக சொன்னதுதான. நான் ஒரு எழுத்தக்கூட மாத்தல.”

“அதான் சொல்றேன்” என்றாள்.

அந்தப் புகைக் காட்சியை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். மறுநாளே அது சுற்ற ஆரம்பித்தது. காரியாபட்டி சந்தையில் ஒருவர் அருஞ்சுனையிடமே காட்டிச் சிரித்தார். வீரசோழனிலிருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரி, எழுதியது இவர்தான் என்று தெரிந்ததும் கைகொடுத்தார். அருஞ்சுனைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒட்டங்கரையில் பூமிநாதனுக்குப் ‘பொகை’ என்று பேர் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோதுகூட, ஊர் என்றால் பட்டப்பெயர் வைப்பது வழக்கந்தானே என்று விட்டுவிட்டார்.

பூமிநாதன் கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வேண்டியதைச் சொல்லி, வாங்கிக்கொண்டு, நின்றவாக்கிலேயே போய்விடுவார். ஆடியில் விதை வாங்க அவருக்குப் பதில் அவர் மனைவி பிச்சையம்மாள் வந்தாள்.

“பூமியண்ணன் வரலயா?” என்று கேட்டார் அருஞ்சுனை.

“அவுக எங்கயும் வாரதில்ல” என்றாள் அவள். விதைப் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நின்றாள். “டீக்கடைப் பக்கம் போனா, பொகை வருது பொகை வருதுங்காக. மொதல்ல இவுகளும் சிரிச்சாக. எம்மக தங்கச்செல்வி அருப்புக்கோட்டையில காலேஜுக்குப் போறால்ல. அவ பஸ் ஏறுனா பயலுக இருமுறானுக, பொகை தாங்கலையாம். ஒரு வாரமா படிக்கப் போக மாட்டேங்கா.”

அருஞ்சுனை கணக்கு நோட்டை மூடினார். “நான் பயலுககிட்டச் சொல்றேம்மா” என்றார்.

“அதக்கூட விடுங்க. வீட்டுல ஒரு பேச்சு இல்ல அண்ணாச்சி. எம்புட்டுக் கஷ்டத்துலயும் எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சிருவாக. அத வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தோம். இப்ப வாயத் தொறக்க மாட்டேங்காக. என்ன சொன்னாலும் எவனாச்சும் மேடையில ஏத்திருவான்ங்காக.”

அவள் குரலை உயர்த்தவில்லை. பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அருஞ்சுனை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலமே பைக்கை எடுத்துக்கொண்டு ஒட்டங்கரைக்குப் போய் விஜயபாண்டியைப் பிடித்தார். வீடியோவை அழிக்கச் சொன்னார். அவன் அந்த நிமிடமே தன் போனில் அழித்துக் காட்டினான்.

“ஆனா அண்ணாச்சி, இது எங்கெங்க போயிருக்குன்னு எனக்கே தெரியாது. எங்க மாமா மலேசியாவுல இருந்து திருப்பி எனக்கே அனுப்புனாரு.”

“பூமியண்ணன அப்படிக் கூப்பிடாதீகடா.”

“நாங்க நிப்பாட்டிருவோம். சின்னப் பயலுக கேக்கணும்ல.”

பூமிநாதன் வீட்டு வாசல் வரைக்கும் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. தட்டாமலே வந்துவிட்டார்.

அந்தப் புரட்டாசியில் பூமிநாதன் குடும்பம் திருப்பூருக்குப் போனது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தாள் என்று சொன்னார்கள். தண்ணீர் இல்லாததால் போனார்கள் என்றது ஊர். அது பொய்யில்லை. அந்தப் பக்கத்தில் அந்த வருடம் போனவர்கள் பலர். ஆனால் நாலு போர் பொய்த்தும் போகாதவர் ஏன் இப்போது போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அருஞ்சுனை தனக்குத் தெரிந்த வழியில் அதைச் சரிசெய்யப் பார்த்தார். அடுத்த பங்குனிக்கு அவரே ஒட்டங்கரை இளைஞர்களிடம் வாய்ப்புக் கேட்டு வாங்கி இன்னொரு நாடகம் எழுதினார். இந்த முறை கோமாளி அவரேதான். விதை கேட்டு வருகிறவனுக்கு ஜோக்கு சொல்லும் உரக்கடைக்காரன். அவன் விற்ற விதை முளைக்காது, அவன் சொன்ன ஜோக்கும் முளைக்காது. தன் வழுக்கை, தன் தொப்பை, எழுத்துப் பைத்தியம் எதையும் விடவில்லை. பெயரைக்கூட மாற்றாமல் அருஞ்சுனை என்றே வைத்தார். ஊர் தன்னைப் பார்த்து நன்றாகச் சிரிக்கட்டும், அதில் பழையது மறந்துபோகும் என்று நம்பினார்.

சிரித்தார்கள். மரியாதைக்குச் சிரிப்பது போல அங்கங்கே சிரித்தார்கள். கடைக்காரனை ஒருவன் மேடையில் துரத்திக்கொண்டு ஓடும்போது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பொகை எங்கப்பா, பொகையக் காணோம்.”

அதற்குத்தான் பொட்டல் முழுக்கச் சிரித்தது. நாடகம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு நடந்தது. அருஞ்சுனை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். செல்வலட்சுமி அவர் கையைப் பிடித்து, “எந்திரிங்க, போவோம்” என்றாள்.

சித்திரையில் அவர் திருப்பூர் போனார். பிச்சையம்மாளின் அண்ணனிடம் விலாசம் வாங்கியிருந்தார். ஊருக்கு வெளியே வரிசையாகக் கட்டிய சிமெண்டு ஷீட்டு வீடுகளில் ஒன்று. பூமிநாதன் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது.

“வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக” என்று உள்ளே அழைத்து உட்கார வைத்தார். பிச்சையம்மாளும் மகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவரே டீ போட்டுக் கொடுத்தார். அருஞ்சுனை டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன். தப்புதான் பூமியண்ணே.”

“என்ன தப்பு. நான் சொன்னதத்தான எழுதுனீக. நல்லாத்தான் இருந்துச்சு.”

“நீங்க சிரிச்சீகளே, அதப் பாத்து நான்...”

“சிரிக்காட்டி என்ன செய்ய” என்றார் பூமிநாதன். “அம்புட்டுப் பேருக்கு நடுவுல ஒருத்தன் சிரிக்காம உக்காந்திருந்தா, அதுக்கு ஒரு தடவ சிரிப்பாக.”

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. பூமிநாதன் எழுந்து குடத்தோடு போனார். அருஞ்சுனையும் கூடப் போய் இன்னொரு குடத்தைப் பிடித்து வந்தார். அதற்கப்புறம் ஊர் மழை, மகளின் வேலை, மக்காச்சோள விலை என்று கொஞ்சம் பேசினார்கள். பூமிநாதன் எல்லாவற்றுக்கும் அளவாகப் பதில் சொன்னார். அவர் வாயிலிருந்து ஏதாவது ஒன்று பழையபடி வந்துவிடாதா என்று அருஞ்சுனை காத்திருந்தார். பஸ் ஏற்றிவிட்டபோதும் அவர், “பாத்துப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

அருஞ்சுனை அதற்குப் பிறகு எழுதவில்லை. யாருக்கும் சத்தியம் செய்து நிறுத்தவில்லை. ஒரு துணுக்கு தோன்றினால், இது யார் வீட்டுச் சங்கதி என்று முதலில் மனம் கேட்கிறது. கேட்டு முடிப்பதற்குள் அதில் இருந்த சிரிப்பு போய்விடுகிறது. புத்தகங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எப்போதாவது ஒன்றை எடுத்துப் புரட்டுகிறார். எழுதியவரை விட்டுவிட்டு, அதில் கோமாளியாக வருகிற மனிதன் நிஜத்தில் யாராக இருந்திருப்பான் என்று யோசிக்கிறார்.

கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். பேச்சுத்தான் முன்போல் இல்லை. போன மாதம் திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர், காட்டுப்பன்றி இறங்கிச் சோளத்தை அழித்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நல்ல பேச்சுக்காரர். பன்றி தன்னைப் பார்த்த பார்வையைச் சொல்லும்போது கடையில் ரெண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருஞ்சுனையும் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஆள் பேச்சை நிறுத்தினார்.

“எழுதிராதீக அண்ணாச்சி” என்றார்.

“இல்லப்பா, சொல்லு.”

“ஒண்ணுமில்ல, விடுங்க.” அவர் மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். அடுத்து நின்றவர் டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டை கேட்டார். அருஞ்சுனை உள்ளே போய் மூட்டையை இழுத்து வந்தார்.