தேசப்பனுக்காக நான் எழுந்து பேசவில்லை

எங்கள் கபடி டீமைத் தோற்கடித்தவன் நான்தான்.

ஊரில் யாரைக் கேட்டாலும் தேசப்பன் என்பார்கள். இறாலுக்கு ஆசைப்பட்டு டீமை நட்டாற்றில் விட்டவன் என்பார்கள். இத்தனை வருடமும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ஆமாம் போட்டுக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தவன் நான். பொய்! தேசப்பன் யாரையும் விட்டுப் போகவில்லை. அவனை ஆடவிடாமல் செய்தது, அந்த டீமின் கேப்டனாக இருந்த இந்தப் பாஸ்கர்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எப்படிச் செய்தேன் என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் அவனை அடிக்கவில்லை. அவனைப் பற்றி யாரிடமும் கோள் மூட்டவில்லை. வாய் திறக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்... அவ்வளவுதானா? இல்லை. அதற்குப் பிறகு திறக்கக்கூடாத இடத்தில் திறந்தேன். அதையும் சொல்கிறேன்.

பழவேற்காட்டு ஏரியில் யார் வேண்டுமானாலும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த நாளில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று ஊர் கூடி முறை பிரித்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு நாளில் உன் வீட்டு ஆள் தண்ணீரில் இறங்காவிட்டால் அன்றைய இடம் போச்சு. இறால் பருவத்தில் அப்படி ஒரு நாள் போவது என்றால், அந்த வாரம் அடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் தேசப்பன் வீட்டுப் பாடு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. எங்கள் ஆட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைதான்.

எங்களுடையது சும்மா பொங்கலுக்கு ஆடுகிற டீம் அல்ல. இறால் கம்பெனி முதலாளி ஒருவர் பனியனும் ஷூவும் வாங்கிக் கொடுத்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி எங்களை இறக்கியிருந்தார். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அந்தப் பருவம் முழுக்க ஒன்றையொன்று சந்திக்கும். அந்த முறை இன்னொரு பேச்சும் அடிபட்டது. சென்னையில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய டீம் ஒன்றின் கோச், நல்ல ரெய்டர் ஒருவனைத் தேடி எங்கள் பக்கம் வரப்போகிறார் என்று. ஒருவன்! அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சொல் யாரைக் கெடுக்கும்? நானே கெட்டேன்.

தேசப்பனும் ரெய்டர், நானும் ரெய்டர். நான் கேப்டன். ஆனால் நான் கோட்டைத் தாண்டிப் போகும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் கூடையைச் சுமந்தபடி நடந்து போவார்கள். அவன் போகும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். அவன் ஒல்லிக்குச்சி. பிடித்துவிட்டோம் என்று எதிராளி நினைக்கும்போது அவன் நடுக்கோட்டைத் தொட்டிருப்பான். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று இன்றுதான் சொல்கிறேன். அன்று கேட்டிருந்தால், “என் நண்பன்டா அவன்” என்று நெஞ்சைத் தட்டியிருப்பேன்.

பாடு நாளை மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் மாற்றிக் கேட்கிறவன் தன் வாயால் கேட்கக்கூடாது. தன் நாளை விட்டுக்கொடுக்கிற வீட்டுக்காரன்தான் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கும்போது எழுந்து, ‘என் மனசாரக் கொடுக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஊரும் ஒத்துக்கொண்டால் நாள் மாறும். யாரையும் யாரும் மிரட்டி வாங்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம்.

எங்கள் வீட்டுப் பாடு புதன்கிழமை. வீட்டில் நைனாவும் தம்பியும் இருந்தார்கள். ஞாயிறானாலும் அவர்கள் இறங்கிவிடுவார்கள், நான் ஆடப் போகலாம். தேசப்பனுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. மனைவியும் கைக்குழந்தையும்தான். அவன் என்னிடம் வந்து, “பாஸ்கரு, உன் புதன எனக்குக் குட்றா. என் ஞாயித்துக்கெழமைய நீ வச்சிக்கோ. நீதான் கூட்டத்துல சொல்லணும்” என்றான்.

“இதெல்லாம் ஒரு மேட்டராடா? நான் சொல்றேன் போ” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

கூட்டத்தன்று அவன் ஊரில் இல்லை. மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர எளாவூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். ஊர்ப் பெரியவர் ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்று சுற்றிப் பார்த்தார். நான் எழுந்தேன். முழுக்க எழவில்லை, பாதி... முட்டி நிமிரும் முன் அந்தக் கோச்சின் நினைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மைதானம், தேசப்பன் இல்லாத ஏழு பேர். ரெய்டர் என்று பார்க்க என்னைத் தவிர யார் இருப்பார்கள்?

“இன்னாடா பாஸ்கரு, எதுனா சொல்லணுமா?”

“இல்ல பெரிப்பா. கால் மரத்துப்போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் காலை உதறிக் காட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய துரோகம், ஒரு சின்ன நகைச்சுவையாக முடிந்துபோயிற்று.

மறுநாள் தேசப்பன் வந்தான். “பேசிப் பாத்தேன்டா. சீசன் நடுவுல ஒருத்தனுக்கு மாத்துனா எல்லாரும் வந்து நிப்பாங்கனு சொல்டாங்கோ. நீ போயி திரும்பக் கேட்டுவெக்காத, எனக்குத்தான் அசிங்கம்” என்றேன். எத்தனை கச்சிதமாக வந்தது பார்த்தீர்களா! முந்தின இரவு படுத்துக்கொண்டே யோசித்து வைத்தது. அவன் என் தோளைத் தட்டி, “நீ இன்னா பண்ணுவ, வுடு” என்றான். ஊர் சொன்னால் சொன்னதுதான் என்று இருப்பவன் அவன். அது தெரிந்துதானே சொன்னேன்?

பிறகு நாங்கள் தோற்கத் தொடங்கினோம்.

முதலில் காட்டூர் டீமிடம். நாற்று நடுகிறவர்களுக்குக் கபடி என்ன தெரியும் என்று கிண்டலடித்துக்கொண்டே போனோம். இரண்டு தடவை ஆல் அவுட் ஆக்கி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் தோல்வி. அதற்கு அடுத்த வாரமும். தேசப்பன் இருந்தவரை எதிராளிகளின் கண் அவன் மேல் இருந்தது. அந்த இடைவெளியில்தான் நான் பாயிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. இப்போது ஏழு ஜோடிக் கண்ணும் என் மேல். உள்ளே போவேன், கணுக்காலைப் பிடிப்பார்கள், மண்ணைக் கவ்வுவேன். என்ன வெட்கம்! கேட்டு வாங்கிய வெட்கம் அல்லவா?

படகுத்துறையில் எங்கள் பனியனைப் பார்த்தாலே, “தோத்தாங்கோளிங்க வர்றாங்கோ” என்று வழிவிட்டார்கள். எங்களுடைய கார்னர் ஆட்டக்காரன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் லாரிக்குக் காவல் வேலை கிடைத்ததும், பருவம் முடியக்கூடக் காத்திருக்காமல் போய்விட்டான். கோபம் எல்லாருக்கும் இருந்தது. அது போய் நின்ற இடம் தேசப்பன் வீட்டு வாசல். டீமைவிட அவனுக்கு இறால் பெரிசாகிவிட்டது என்றார்கள். பால் வாங்கப் போன அவன் மனைவியின் காதுபடப் பேசினார்கள்.

அவன் என்னிடம் வந்து சிரித்தான். “ஒரே பேஜாரா கீதுடா. ஊரே கூடி முடியாதுனு சொல்ச்சி, இப்ப ஊரே கூடி ஏன் வர்லனு திட்டுது பாரு.”

நானும் சிரித்தேன். என்னால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன்.

அந்தக் கோச் வந்தது கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில். சாந்தமான மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். நான் போன ரெய்டுகளில் பெரும்பாலானவற்றில் பிடிபட்டேன். பாதி ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

“உங்க டீம்ல இன்னொரு ரெய்டர் இருக்காராமே, ஒல்லியா... அவர் வரலையா?”

பாருங்கள், கடவுள் எனக்கு இன்னொரு வாய்ப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவன் ஏரியில் இருக்கிறான் சார், கொஞ்சம் பொறுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அவன் இப்ப ஆடறதில்ல சார். விட்டுட்டான்.”

அவர் தலையாட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். நான் எப்படியும் தேறமாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆக, இந்தப் பொய்யால் எனக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. முதலில் சொன்னதற்காவது பேராசை என்று பெயர் வைக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக்கூடாது... அதுதான், வேறொன்றுமில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் தேசப்பன் ஓடிவந்தான். வலையை அவசரமாகக் கரையேற்றிவிட்டு, முட்டிவரை சேற்றோடு வந்திருந்தான். காலைக்கூடக் கழுவவில்லை. அந்த நிலையிலேயே இறங்கி ஆடினான். அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மளமளவென்று பாயிண்ட் ஏறியது. நேரம் போதவில்லை, கொஞ்சத்தில் தோற்றோம். பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவன் மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்து, “மன்னிச்சுக்கோ கேப்டன், லேட்டாயிட்ச்சி” என்றான்.

கோச் வந்துபோனதை நான் அவனிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டான்.

ஒரு வெற்றிகூட இல்லாமல் அந்தப் பருவம் முடிந்தது. முதலாளி கையை விரித்துவிட்டார். பனியன்களைப் படகு துடைக்கக் கிழித்தார்கள். தேசப்பன் அதன்பிறகு போட்டிக்கு ஆடவே இல்லை. ஊரின் ஏச்சு சில வருடங்களில் கேலியாக மாறியது. அவனும் அதைச் சிரித்துக்கொண்டே சுமந்தான். எங்களுக்குள் சண்டை இல்லை. என் தம்பி கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் அவன்.

இதுவரைதான் கதை என்றால் ஒருவேளை உங்களிடம் வந்திருக்கமாட்டேன். போன மாதம் நடந்ததுதான் என்னைப் பேச வைக்கிறது.

தேசப்பனின் அந்தக் கைக்குழந்தை இப்போது பள்ளியில் கபடி ஆடுகிறாள். அப்பனைப் போலவே ஒல்லி, அதே நழுவல். மாநில அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையில் தேர்வு வைத்தார்கள். அழைத்துக்கொண்டு போக வேண்டிய நாளில் தேசப்பனுக்குப் பாடு. என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

“அன்னிக்கி எனக்காகப் பேசுன மாதிரி இந்த தபா பாப்பாவுக்காகப் பேசுப்பா. ஒத்துக்கலன்னா பரவால்ல. நீ கேட்டன்ற திருப்தி போதும் எனக்கு.”

அன்றைக்கு எனக்காகப் பேசின மாதிரி! அவன் அதை ஒரு நன்றிக்கடனாக இத்தனை வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறான். ஐயோ...

இம்முறை அவன் கூட்டத்துக்கு வந்திருந்தான். பின்வரிசையில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தான். நான் எழுந்தேன், முழுக்க எழுந்தேன். தேசப்பன் பெண் ஆடப் போகிறாள், என் நாளை மனசாரக் கொடுக்கிறேன் என்றேன். அதே பெரியவர், இப்போது கண் சரியாகத் தெரியாது அவருக்கு, நான் முடிக்கும் முன்பே கையை ஆட்டிவிட்டார்.

“ஆவட்டும்பா. இதுக்குப் போயி இவ்ளோ தயங்கித் தயங்கிப் பேசற? வெளாட்டுக்குனு கேட்டா ஊரு வேணாம்னா சொல்லப்போவுது? நானும் எத்தினியோ வருசமா குந்திகினு கீறேன், ஒருத்தனும் வந்து கேட்டதில்லியே!”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எனக்குப் பின்னால் இருந்தான். கூட்டம் கலைந்தபோது பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் சென்னைக்குப் போன அன்று அவன் இடத்தில் நான் இறங்கி வலை கட்டினேன். முறை மாறிய பிறகு அது என் நாள், பிடிபடுவது என் வீட்டுக்கு. இருந்தும் நல்ல இறாலாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்து சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். பெண்ணை அணியில் எடுத்துக்கொண்டார்களாம். அவன் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே ஓடினாள். தேசப்பன் கூடையை வாங்கிக் கீழே வைத்தான்.

“பாஸ்கரு, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுடா.”

“அந்த சீசன்ல நான் ஆடியிருந்தா நம்ம டீம் ஜெயிச்சிருக்கும் இல்ல?”

“ஜெயிச்சிருக்கும்” என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். எப்போதும் போல உள்ளே வா என்று என்னைக் கூப்பிடவில்லை.

அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய எனக்கு இன்னும் வாய் வரவில்லை.